திருச்சபைத் தந்தையர்: மரபின் தகுதியும் வரலாற்றின் தேவையும்

'திருச்சபைத் தந்தை' என்ற பட்டம் எளிதில் கிடைப்பதன்று. பழமை, வாழ்க்கைத் தூய்மை, கோட்பாட்டில் பிறழாமை, திருச்சபையின் ஏற்பு என்று நான்கு தகுதிகளை மரபு கேட்கிறது. மேற்கில் இந்த வரிசை செவில் நகர ஆயர் இசிதோரோடு (மறைவு 636) முடிகிறது; கிழக்கில் எட்டாம் நூற்றாண்டின் தமஸ்கு யோவானோடு. பழமையிலும் புலமையிலும் எவருக்கும் இளைக்காத இருவர் இந்தப் பட்டியலின் வாசலிலேயே நிற்கிறார்கள். கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் பிற்காலத்தில், திருச்சபை ஏற்காத மொந்தானு இயக்கத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார். அலெக்சாந்திரியாவின் ஒரிஜனோ, இறந்து முந்நூறு ஆண்டு கழிந்தபின் 553-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தால் தப்பறைக்காரர் வரிசையில் சேர்க்கப்பட்டார். இருவரையும் 'திருச்சபை எழுத்தாளர்' என்று மட்டுமே பாடநூல்கள் குறிக்கும்.

ஆனால் இந்த இருவரை விட்டுவிட்டு முதல் மூன்று நூற்றாண்டுகளின் கிறிஸ்தவ வரலாற்றை எவராலும் எழுத முடியாது. மரபு தேடுவது நம்பத்தக்க போதகரை. வரலாறு தேடுவது நம்பத்தக்க சாட்சியை. அந்தச் சாட்சியமும் பெரும்பாலும் அவர்கள் ஓங்கிச் சொன்ன இடங்களில் இல்லை. போகிற போக்கில் சொன்னதிலும், எதிரியைத் திட்டும்போது வாய்தவறி விட்டதிலும்தான் கிடைக்கிறது.

திருத்தூதர்களை அடுத்த தலைமுறையிலிருந்தே தொடங்கலாம். 1873-இல் பிலோத்தேயோஸ் பிரையனியோஸ் என்ற கிரேக்க ஆயர், கான்ஸ்டான்டிநோபிளின் நூலகமொன்றில் 1056-இல் படியெடுக்கப்பட்ட கையெழுத்து ஏட்டைக் கண்டார். 'திதாக்கே' என்ற பழைய ஒழுங்குநூல் அதில் முழுதாக இருந்தது. பத்தாண்டு கழித்து அச்சேறியது. திருமுழுக்கு, நோன்பு, நற்கருணை மன்றாட்டு எல்லாம் அதில் உண்டு. வரலாற்று மாணவரை நிறுத்துவதோ வேறோர் இடம். ஊர் ஊராகச் சுற்றும் தூதர் வந்தால் ஒரு நாள் தங்கலாம், தேவையென்றால் இரண்டாம் நாளும். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி. புறப்படும்போது பணம் கேட்டாலும் போலிதான். விருந்தோம்பலைச் சுரண்டிய ஆட்கள் அன்றைக்கே இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான ஆவணம் வேண்டியதில்லை.

அந்தியோக்கு ஆயர் இஞ்ஞாசியார், பத்துப் படைவீரர்களின் காவலில் உரோமைக்குக் கொலைத்தண்டனைக்குப் போகும் வழியில் ஏழு கடிதங்கள் எழுதினார். அவருக்கிருந்த புகழே அக்கடிதங்களுக்குப் பகையாயிற்று. பின்வந்த ஒருவர் அவற்றில் இடைச்செருகல் செய்து, அவர் பெயரில் புதுக்கடிதங்களையும் புனைந்து சேர்த்துவிட்டார். 1644-இல் ஆர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர், பழைய ஆசிரியர்கள் காட்டிய மேற்கோள்களோடு ஒப்பிட்டு மூலத்தைப் பிரித்தெடுத்தார். இரண்டே ஆண்டில் அதன் கிரேக்க வடிவமும் அச்சாயிற்று. தந்தையர் ஆய்வில் பாடபேத நுணுக்கம் வேரூன்றியது இப்படிப்பட்ட வழக்குகளால்தான்.

உரோமையில் தங்கியிருந்த யுஸ்தின், கிறிஸ்தவர் இரகசியமாகக் கூடி எதையோ செய்கிறார்கள் என்ற வதந்தியை முறியடிக்கப் பேரரசர் அந்தோனினு பியுசுக்கு விளக்கம் எழுதினார். ஞாயிறன்று கூடுகிறோம், வாசகம் படிக்கிறோம், தலைவர் அறிவுரை சொல்கிறார், அப்பமும் இரசமும் பகிர்கிறோம், வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், காணிக்கை அனாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் சிறையிலிருப்போருக்கும் போகிறது. சபைக்குள் இருந்தவர்களுக்கு இதை யாரும் எழுதிக் காட்டத் தேவையிருந்திருக்காது. வெளியாளுக்காக எழுதியதால்தான் இரண்டாம் நூற்றாண்டின் வழிபாடு நமக்குக் கிடைத்தது.

இலியோன் ஆயர் இரனேயு 180 வாக்கில் ஞானவாதக் குழுக்களைச் சாடி ஐந்து நூல்கள் எழுதினார். கேலியில் கைதேர்ந்தவர். எதிரிகள் அடுக்கிய தெய்வீகத் தத்துவங்களைப் பார்த்து, சுரைக்காய், வெள்ளரிக்காய், முலாம்பழம் என்று தாமே ஒரு தெய்வ வரிசையைக் கட்டிக் காட்டினார். இப்படிப்பட்டவர் எதிராளியின் கருத்தை நேர்மையாக எடுத்துச் சொல்லியிருப்பாரா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 1945-இல் எகிப்தின் நாக் அம்மாடி அருகே மண்ணுக்குள்ளிருந்து ஞானவாதிகளின் சொந்த நூல்களே வெளிவந்தன. ஒப்பிட்டபோது, சாரத்தைச் சில இடங்களில் அவர் நன்றாகவே தந்திருந்தது தெரிந்தது. அவர்களின் உள்ளக்கிடக்கையை மட்டும் அவர் தொடவில்லை.

பள்ளிகள் என்று சொல்லத்தக்கவை இதன்பின் உருவாயின. அவற்றில் மூத்தது அலெக்சாந்திரியா. அதன் முதல் ஆசிரியராக அறியப்படும் பந்தேனு 'இந்தியா' சென்றதாகவும், பர்த்தலமேயு விட்டுச்சென்ற மத்தேயு நற்செய்தியை எபிரேய எழுத்தில் அங்கே கண்டதாகவும் செசரியா ஆயர் எவுசேபியு எழுதுகிறார். நம்மவர் சிலர் இதை உடனே தென்னிந்தியாவோடு முடிச்சுப் போட்டுவிடுவதுண்டு. அக்காலக் கிரேக்கர் தென்னரபியாவையும் எத்தியோப்பியாவையும்கூட அப்பெயரால் அழைத்ததை மறக்கக்கூடாது. பந்தேனுவின் மாணவர் கிளமெந்து புத்தரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். நடுநிலக்கடல் எழுத்தில் அப்பெயர் தோன்றும் மிகப் பழைய இடங்களுள் அது ஒன்று.

இப்பள்ளியின் சிகரம் ஒரிஜன். மறைநூலின் சொல்லுக்குப் பின்னே மறைபொருளைத் தேடுவது அவர் வழி. ஆனால் வரலாற்றுக்கு அவர் செய்த பேருதவி, தாம் மறுக்க வந்த நூலைக் காப்பாற்றியது. கெல்சு என்ற தத்துவவாதி 178 வாக்கில் கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய நூல் அழிந்துபோயிற்று. ஒரிஜன் எட்டு நூல்களில் அதற்கு வரிக்கு வரி விடை சொன்னதால் பெரும்பகுதி பிழைத்தது. குண்டலகேசி மறைந்தபின் அதை எதிர்த்த நீலகேசியும் அதன் உரையும் நமக்கு ஓரளவு வழிகாட்டுவது போன்றதே இதுவும். கம்பளி நெய்பவரும் செருப்புத் தைப்பவரும் துணி வெளுப்பவரும் வீட்டுக்குள் புகுந்து பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போதிக்கிறார்கள் என்று கெல்சு ஏளனம் செய்கிறார். அந்த மதம் யார் மூலம் பரவிற்று என்று கேட்பவருக்கு, அந்த ஏளனம் நல்ல தரவு.

அந்தியோக்குப் பள்ளி நேர்ப்பொருளை வலியுறுத்தியது. தார்சு தியோதோர், மொப்சுவேத்தியா தெயோதோர், 'பொன்வாய்' யோவான் கிறிசோஸ்தோம் அதன் பெரியவர்கள். 387-இல் வரிச்சுமை பொறாத மக்கள் அந்தியோக்கில் பேரரசரின் சிலைகளை உடைத்தார்கள். தண்டனைக்கு ஊரே நடுங்கிய அந்தத் தவக்காலத்தில் கிறிசோஸ்தோம் ஆற்றிய மறையுரைகள், வீதியின் கிலியை அப்படியே பதிவு செய்தவை. அதே ஆண்டுகளில் யூதருக்கு எதிராக அவர் பொழிந்த வசைகள் அவர் பெயருக்கு நீங்காத களங்கம். பின்னாளில் எத்தனையோ கொடுமைக்கு அவை கருவியாயின. எனினும் அவற்றிலிருந்து ஒன்று தெரிகிறது: அந்நகரக் கிறிஸ்தவர் பலர் யூதப் பண்டிகைகளுக்கும் தொழுகைக்கூடங்களுக்கும் விருப்பத்தோடு போய்வந்தார்கள். போகாதவர்களை யாரும் இவ்வளவு திட்டுவதில்லை.

சிரிய மொழி மரபு தனிச்சுவை. எப்ரேம் இறையியலைப் பாட்டாகவே செய்தவர். 363-இல் நிசிபி நகரம் பாரசீகர் வசம் போனதால் இடம்பெயர்ந்து எதேசாவில் வாழ்ந்து 373-இல் மறைந்தார். திருத்தூதர் தோமாவின் எலும்புகளை வணிகர் ஒருவர் இந்தியாவிலிருந்து எதேசாவுக்குக் கொண்டுவந்ததாக அவர் பாடியிருக்கிறார். நான்காம் நூற்றாண்டு எதேசா மக்களின் நம்பிக்கைக்கு இது உறுதியான சான்று. தோமா முதல் நூற்றாண்டில் மயிலாப்பூருக்கு வந்தார் என்பதற்கு இதை மட்டுமே ஆதாரமாக நீட்டினால் கயிறு எட்டாது.

கப்பதோக்கியாவின் மூவர் கோட்பாட்டு வரலாற்றில் மலைகள். இங்கே ஒன்று போதும்: அவர்களுள் ஒருவரான நிசா கிரகோரி அடிமைமுறையையே குற்றம் என்று கண்டித்த உரைக்கு அக்கால எழுத்தில் இணையில்லை.

இலத்தீன் பக்கத்தில் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான். தெசியு பேரரசன் 250-இல் எல்லோரும் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டுமென ஆணையிட்டான். அந்த வேதகலாபனையில் தவறி விழுந்தவர்களை என்ன செய்வது என்பதே சிப்பிரியானின் கடிதங்களில் ஓயாத கவலை. எகிப்தின் மணலில் அந்தச் சான்றிதழ்களே நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஆயர் சொன்னதை அரசாங்கத் தாள் உறுதி செய்கிறது.

எவுசேபியு இல்லையேல் பாதி வரலாறு இருண்டுபோகும். 177-இல் இலியோனில் மாண்ட வேதசாட்சிகள் பற்றிய கடிதம் அவர் எடுத்தெழுதியதால்தான் நம் கைக்கு வந்தது. ஆனால் கான்ஸ்டன்டைனின் வாழ்க்கையை எழுதியபோது, அப்பேரரசன் தன் மகன் கிறிஸ்புவைக் கொல்வித்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆவணத்தை எடுத்துக் கொடுக்கும்போது அவரை நம்பலாம். அரசனைப் புகழும்போது பையைத் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசின் மீஞ் என்ற குரு, இலத்தீன் தந்தையரை 221 தொகுதிகளிலும் கிரேக்கத் தந்தையரை 161 தொகுதிகளிலும் மலிவாக அச்சிட்டுக் கொடுத்தார். அதோடு எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 1981-இல் வெளியான அகுஸ்தினாரின் புதிய கடிதங்களில் ஒன்று, வட ஆப்பிரிக்கக் கரையில் சுதந்திர மனிதர்களைப் பிடித்துக் கப்பலேற்றிய அடிமை வணிகரையும், அவர்களிடமிருந்து ஏறத்தாழ 120 பேரை, அவர் ஆயராயிருந்த ஹிப்போ நகரத்துச் சபையார் மீட்டதையும் சொல்கிறது. 2012-இல் முனிச் நூலகத்தில், ஆசிரியர் பெயரில்லாத கிரேக்க ஏடு ஒன்றில் திருப்பாடல்கள் மீதான 29 மறையுரைகள் ஒரிஜனுடையவை என்று அடையாளம் காணப்பட்டன. அவற்றுள் நான்கு, ரூபினு என்பவரின் பழைய இலத்தீன் பெயர்ப்பில் ஏற்கெனவே தெரிந்தவை. மற்றவற்றைச் சரிபார்க்க, எரோணிமுஸ் தம் கடிதமொன்றில் கொடுத்திருந்த ஒரிஜன் நூற்பட்டியல் உதவியது.