இதயத்துக்குள் விரியும் இரட்டைத் தட்டு

இதய மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் பிறவியிலேயே ஓட்டை இருந்தால், அதை மூடும் கருவி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியில் பின்னிய இரண்டு வட்டத் தட்டுகள். நடுவே குறுகிய இடுப்பு. தொடைச் சிரை வழியே செலுத்தும் மெல்லிய குழாய்க்குள் நீண்டு ஒடுங்கிப் போகும். வெளியே வந்ததும் பழைய வடிவத்துக்கு விரிந்து, சட்டைக் கைப்பொத்தானைப் போலச் சுவரை இரு பக்கமும் கவ்விக்கொள்ளும். சில மாதங்களில் இதயத்தின் திசுவே அதன்மேல் படர்ந்து மூடிவிடும். எவ்வளவு நேர்த்தியான வேலை!

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், தான் உருவாக்கிய இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு, 18 வயதுப் பெண்ணின் நெஞ்சைத் திறந்து இதே ஓட்டையைத் தைத்தார். இன்று இந்தக் கருவியால் பலருக்கு நெஞ்சில் தழும்பே விழுவதில்லை. கருவி பற்றிக்கொள்ளப் போதிய ஓரமில்லாத ஓட்டைகளுக்கு இப்போதும் அறுவை சிகிச்சைதான்.

சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில், ஏற்றத்தில் மூச்சு வாங்கினால், இப்படியோர் ஓட்டையும் காரணமாக இருக்கலாம் என்று எண்ணாமல், மலைதான் காரணம் என்று விட்டுவிடத் தோன்றும். அந்த மலையின் ஊர்களான பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பிள்ளை வளர்ப்பவர்களே, பள்ளிப் பரிசோதனையில் இதயத்தில் முணுமுணுப்பு கேட்கிறது என்று மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.