அம்பாசடருக்கு எந்த ஆயில் பம்ப்?

இன்ஜினை இறக்கி ரீபோர் செய்கிறோம், கிராங்கை கிரைண்டிங்குக்கு அனுப்புகிறோம், பேரிங்குகளைப் புதிதாகப் போடுகிறோம். ஆயில் பம்பை மட்டும் மண்ணெண்ணெயில் அலசி அப்படியே மாட்டிவிடுகிறோம். இது பெரிய தவறு. என் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைக் கட்டும்போது, பழைய பம்பையும் கடையில் வாங்கிய புதியதையும் மேசையில் வைத்து அளந்தேன்.

இது ரோட்டர் பம்ப். கேம் ஷாஃப்டிலிருந்து ஓடுகிறது. ரோட்டர்களை உள்ளே வைத்து, வாயின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலைக் கிடத்தி, அடியில் ஃபீலர் கேஜை விட்டால் 5 தவுக்கு (தவு என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக் கூடாது. பழையதில் 5 இலை பிடித்துப் பிடித்துப் போனது, 6 போகவில்லை. பளபளவென்றிருந்த புதியதிலோ 8 இலை தடையில்லாமல் நுழைந்தது! ஆனால் இரண்டு ரோட்டர்களின் முனைகளுக்கு நடுவே பழையது 9 தவு தேய்ந்திருந்தது. 6 தான் எல்லை. அந்தத் தேய்மானத்துக்கு மருந்து கிடையாது. புதியதன் குறைக்கு உண்டு: கண்ணாடிப் பலகையில் எமரி தாளை விரித்து, எண்ணெய் விட்டு, பம்ப் பாடியின் முகத்தை எட்டு வடிவில் தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் 3 தவுக்கு வந்தது.

பம்ப் ஆயிலைத் தள்ளும், அவ்வளவே. பேரிங் சந்துகளில் அது எளிதில் ஒழுக முடியாதபோதுதான் பிரஷர் ஏறும். கிராங்கைத் தளர்வாகக் கட்டிவிட்டு பம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரஷர் குறைந்தால் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் போடும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். சூடான ஐடிலில் அந்த வால்வு மூடியேதான் இருக்கும், வாஷரால் அங்கே ஒன்றும் ஆகாது. காலையில் குளிர்ந்த ஆயிலைத் தள்ளும்போது பம்ப் கியருக்குத்தான் வீண் சுமை.

மாட்டுமுன் ரோட்டர்களுக்கிடையே வாஸ்லைனை நிரப்பினேன். காய்ந்த பம்ப் ஆயிலை இழுக்கத் திணறும். பிளக்குகளைக் கழற்றி ஸ்டார்ட்டரைச் சுற்றியதும் கேஜ் முள் நடுங்கி மேலே எழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பிளக் மாட்டினேன்.

20டபிள்யூ-50 ஆயில். நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டினேன்: ஓட்டத்தில் 50 பவுண்ட், ஐடிலில் 18. கழற்றுமுன் ஐடிலில் 5 தான். 500 கிலோமீட்டர் ஆனதும் ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்துப் பார்க்க வேண்டும்.