ஆடு கடித்த மரம்

ஆடு கடித்த புதரைக் கண்டால் இப்போதெல்லாம் என் வண்டி தானாக நின்றுவிடுகிறது. பேருந்தில் போனால் கழுத்து திரும்பிக்கொள்கிறது. யாரோ தெரிந்தவர் போகிறார் போலிருக்கிறது என்று பக்கத்து இருக்கைக்காரரும் எட்டிப் பார்ப்பார். வெளியே முழ உயரத்தில், கரடுமுரடாக ஒரு குருவிச்சிப் புதர் நிற்கும். அவருக்குச் சப்பென்று போய்விடும். எனக்கு அன்றைக்கு ராத்தூக்கம் போச்சு.

இந்தப் பைத்தியம் பிடித்த கதை வேடிக்கையானது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நர்சரியில் ‘ஃபூகியன் டீ’ என்று சீட்டு ஒட்டிய போன்சாய் ஒன்றை 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கரும்பச்சையில் பளபளக்கும் குட்டி இலை, நுனியில் பல் வெட்டினாற்போல் இரண்டு மூன்று பிளவு, மேலே ஊசி குத்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள், மூக்குத்தி அளவில் வெள்ளைப் பூ. சீனாவிலிருந்து வந்த சீமாட்டி என்று அதைத் தாங்கு தாங்கென்று தாங்கினேன். அந்த வருடப் பொங்கலுக்குச் சிவகங்கைப் பக்கம் அப்பாவின் ஊருக்குப் போனபோது, கண்மாய்க் கரையில் ஒரு வெள்ளாடு அதே சீமாட்டியைக் கறுக் முறுக்கென்று தின்றுகொண்டிருந்தது! நம் ஊர்க் குருவிச்சிதான் அது. குரங்கு வெற்றிலை என்றும் சொல்வார்கள். இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரைக்கும் தானாக முளைக்கிற செடிக்குச் சீனத்து ஃபூகியன் மாகாணத்தின் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கிட்டப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தேன். அடடா, அந்தத் தூர்! முழங்கால் உயரமே இருக்கிற புதருக்கு என் மணிக்கட்டைவிடக் கனமான அடிமரம். ஆடு நுனியைக் கடிக்கக் கடிக்க, செடி பக்கவாட்டில் துளிர்க்கிறது. அதையும் கடித்தால் இன்னும் கீழே துளிர்க்கிறது. வேலியடைக்க வருகிறவர் அரிவாளால் ஒரு போடு போடுகிறார். சித்திரை வெயில் பாதியைக் காய வைக்கிறது. இப்படியே பல வருடம் போனால் உயரம் ஏறாமல் அடி மட்டும் பருத்து, முறுக்கி, பொந்து விழுந்து நிற்கிறது. நான் கத்தரிக்கோலும் செப்புக்கம்பியுமாக மொட்டைமாடியில் தலைகீழாக நின்றாலும் வராத வளைவு அது. ஜப்பானியர்கள் இப்படி இயற்கையிலிருந்து எடுத்த மரத்தை ‘யமதோரி’ என்பார்கள். மலையிலிருந்து எடுத்தது என்று அர்த்தம். அங்கே பாறை இடுக்கு ஜூனிப்பர்களைப் பனியும் காற்றும் செதுக்குகின்றன. நமக்கு ஆடு. எனக்கென்னவோ ஆட்டின் கைவண்ணம்தான் உசத்தியாகப் படுகிறது. வாய்வண்ணம் என்று சொல்ல வேண்டுமோ?

காப்புக்காட்டுப் பக்கம் நான் தலைவைத்துப் படுப்பதில்லை. அங்கே ஒரு குச்சியை எடுத்தாலும் குற்றம். எடுக்கத் தேவையும் இல்லை. உயிர்வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடுகிறவர்கள், பிளாட் போட ஜேசிபியை வரச்சொல்லியிருப்பவர்கள், இவர்களிடம் போய் நின்றால் போதும். எப்படியும் சாகப்போகிற மரங்கள் அவை. அப்படி ஒரு வேலியோரம் கடப்பாரையோடு போய் இறங்கினபோது, நிலத்துக்காரர் வீட்டு அப்பத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: “இந்த முள்ளு மொடலத் தோண்டவா மதுரயிலேருந்து வந்தீக?”

“ஆமா அப்பத்தா, தொட்டியில வச்சு வளக்க.”

“ஆடு திங்கிறத ஆசயா வளக்கப் போறீகளாக்கும். ஆட்டையே ஒண்ணு ஓட்டிட்டுப் போகலாம்ல?”

சிரித்தபடி சொம்பு நிறைய நீர்மோர் கொடுத்தார். அன்றைக்குத் தோண்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. புரட்டாசியில் இரண்டு மழை விழுந்து சரளை மண் இளகியிருந்த சமயம். கோடையில் போயிருந்தால் கடப்பாரைதான் வளைந்திருக்கும். தூரைச் சுற்றி முழ அகலத்துக்குப் பள்ளம் பறித்து, சல்லிவேர்களைக் கூடியவரை காப்பாற்றி, கடைசியில் ஆணிவேரை ரம்பத்தால் அறுக்க வேண்டும். அது ‘டொக்’கென்று விடுபட்டு மரம் கைக்குள் அசைகிற நொடி இருக்கிறதே, பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பவனின் நெஞ்சடிப்பு எனக்கு!

ஈரச்சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆற்றுமணலும் சலித்த செங்கல் பொடிசும் கலந்த தொட்டியில் அசையாமல் கட்டி, மேலே கண்ணாடி போன்ற பாலித்தீன் பையைக் கவிழ்த்து நிழலில் வைப்பேன். பிறகு பொறுமை. அந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ள ஒரு பிராய் மரத்தைக் காவு கொடுத்தேன். (திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரம் இதுதான். பாவம் சும்மா விடுமா?) இருபதாம் நாள் தளிர் விட்டதும் தலைகால் புரியாமல் பையைக் கழற்றி வெயிலில் வைத்தேன். மூன்றே நாளில் துவண்டது. பிடுங்கிப் பார்த்தால் புது வேர் ஒன்றுகூட இல்லை. தண்டில் சேமித்த சத்தைச் செலவழித்து வந்த பொய்த்தளிர் அது. இப்போதெல்லாம் முதல் தளிர் முற்றி, அதன்மேல் இரண்டாம் தளிர் வந்த பிறகுதான் பையில் ஒரு ஓட்டையே போடுகிறேன்.

அப்பத்தா வீட்டுக் குருவிச்சி பிழைத்துவிட்டது. போன மாதம் அரிவாள் வெட்டு விழுந்த இடத்துக்குச் சரியாகக் கீழே ஒரு வெள்ளைப்பூ. வீட்டில் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். “எங்கே பூ?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள்.

இச்சி மரத்தைப் பற்றிச் சொல்லத்தான் இடமில்லை. பறவை எச்சத்தில் விழுந்த விதை சுவரில் முளைத்து, செங்கல் இடுக்கில் வேரைத் தட்டையாக ஓட்டுகிற அழகை வேறு எங்கே பார்ப்பது? காரைக்குடிப் பக்கம் பழைய வீடு ஒன்றை ஞாயிற்றுக்கிழமை இடிக்கிறார்கள். கைப்பிடிச் சுவரில் இச்சி இருக்கிறது என்று கொத்தனார் படம் அனுப்பியிருக்கிறார். வேர் நான்கு வரிசைச் செங்கலைக் கட்டிப் பிடித்திருக்கிறது. செங்கலோடு சேர்த்தே எடுக்க வேண்டும், ஒரு கல்கூட உதிரக்கூடாது என்று இரண்டு முறை போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். சாக்கு இப்போதே வண்டியில் இருக்கிறது.