அமுதகடமும் அமுதசுரபியும்: பேரழிவுக்குப் பின் துணைப்பாத்திரங்கள்

அமெரிக்கச் சித்திரக்கதை ஏடுகளில் உலவும் அதிமானிட வீரர்களை இறையியல் ஆய்வுக்கு உரியவர்களாக நாம் கருதுவதில்லை. ஆயினும் நம் சபைகளின் வாலிபர் அவர்களைத் திரையிலும் நூலிலும் நன்கு அறிவர். அறநெறி பற்றிய அவர்களுடைய கேள்விகளிற் சில அங்கிருந்தே பிறக்கின்றன. டி.சி. நிறுவனம் 2005-2006 ஆண்டுகளில் வெளியிட்ட கதையொன்றில் அண்டமனைத்தையும் குலைக்கும் பேரழிவு நிகழ்கிறது. அதன்பின் சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் உமன் ஆகிய மூவரும் ஓராண்டுக் காலம் களத்தை விட்டு அகன்றுவிடுகின்றனர். அவ்வோராண்டின் நிகழ்ச்சிகளை வாரத்திற்கு ஒன்றாக 52 இதழ்களில் கூறியது '52' என்னும் தொடர் (2006-2007). அதனைக் கிரெக் காக்ஸ் என்பார் 2007இல் நாவலாக்கினார்.

இக்கதையில் முன்னணிக்கு வருவோர் அனைவரும் பிற கதைகளின் ஓரங்களில் நின்றவர்கள். காவற்பணியை இழந்து மதுவில் அமிழ்ந்த ரெனே மான்டோயா ஒருத்தி. வருங்காலத்திலிருந்து வந்து, நிறுவனங்களின் விளம்பரச் சின்னங்களை உடையில் தரித்துக்கொண்டு புகழ் தேடும் பூஸ்டர் கோல்ட் மற்றொருவன். மனைவியையும் மைத்துனனையும் பறிகொடுத்த வெறியில் பியாலியா என்னும் கற்பனை நாட்டு மக்களைக் கொன்றொழிக்கும் பிளாக் ஆடம் இன்னொருவன். நாயகர் இல்லாத உலகில் எஞ்சியோர் எவ்வாறு வாழ்வது என்னும் நல்ல வினாவைத் தொடர் எழுப்புகிறது. அது தரும் விடையோ எளிது: முகமூடி அணிந்த ஒருவர் இறந்தால், அம்முகமூடியை இன்னொருவர் அணிந்துகொள்கிறார். மேலும், மூவரும் மீண்டு வருவர் என்பது வாசகர் முன்னமே அறிந்த செய்தி. ஓராண்டிற்குப் பிந்திய நிகழ்ச்சிகளைக் கூறும் இதழ்கள், இத்தொடர் தொடங்குமுன்பே விற்பனைக்கு வந்துவிட்டன. ஆதலின் அவ்வெறுமை மெய்யான வெறுமையாக உணரப்படுவதில்லை.

இதே வினாவைக் காவிரியின் கழிமுகத்தில் பிறந்த தமிழ்க் காப்பியம் ஒன்று பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுப்பியது. அது தரும் விடை வேறு. அவ்விடையை நம் ஆயர்களும் இறையியல் மாணவரும் கருத்தூன்றிக் கற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருக்கடையூரின் புராணம்

புகார் வடக்கிலும் தரங்கம்பாடி தெற்கிலும் இருக்க, இரண்டிற்கும் இடையே அமைந்துள்ளது திருக்கடையூர். அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றான அவ்வூரின் புராணம் ஒரு வீரச் செயலைப் பற்றியது. பதினாறு வயதில் மாள வேண்டிய மார்க்கண்டேயன் இலிங்கத்தைத் தழுவிக்கொள்கிறான். சிவபெருமான் வெளிப்பட்டுக் காலனை உதைத்து வீழ்த்துகிறார். அறுபதும் எண்பதும் நிறைந்தோர் இன்றும் அங்குச் சென்று சாந்தி செய்துகொள்வதற்கு இதுவே அடிப்படை. ஆனால் புராணம் இத்துடன் முடிவதில்லை. காலன் வீழ்ந்தபின் உலகில் எவரும் இறப்பதில்லை. பாரம் தாங்காத பூமிதேவி முறையிடுகிறாள். காலன் மீண்டும் எழுப்பப்படுகிறான். வீரனின் வெற்றியும் பிறர் தோளில் பாரமாக இறங்கக்கூடும் என்பதை அக்கதையை வழங்கிய மக்கள் உணர்ந்திருந்தனர்.

அவ்வூர் இறைவனின் பெயர் அமுதகடேசுவரர். பாற்கடலிலிருந்து தேவர்கள் பெற்ற அமுதக் குடமே அங்கு இலிங்கமாயிற்று என்பர். குடத்தின் அமுதம் உண்டவர் மரணத்தை வெல்வர். அது தேவர்களுக்கென்றே கடைந்தெடுக்கப்பட்டது. புகாரில் பிறந்த காப்பியத்திலும் அமுதத்தின் பெயர் தாங்கிய ஒரு கலம் உண்டு. அக்கலத்தில் இருப்பது சோறு. அது பசித்தவருக்கு உரியது.

இரட்டைக் காப்பியத்தின் இரண்டாம் நூல்

உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். இரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் என்று வழங்குகிறோமேயன்றி, இரண்டாம் நூலின் அமைப்பு எத்துணை வியப்புக்குரியது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. முதல் நூலின் தலைவன் கொலையுண்டான். தலைவி மதுரையை எரித்துத் தெய்வமானாள். பாண்டியனும் அவன் தேவியும் மாண்டனர். எஞ்சியோர் யாவர்? தலைவனைப் பிரிந்த மாதவி, அவள் மகள் மணிமேகலை, மகளைத் தொழிலுக்கு இழுக்கும் பாட்டி சித்திராபதி, தோழி சுதமதி. முதற் கதையில் ஒரு மகவின் பெயராகவே பெரிதும் நின்ற மணிமேகலையைச் சீத்தலைச் சாத்தனார் தம் முப்பது காதைகளுக்கும் தலைவியாக்கினார்.

பேரழிவை நோக்கும் விதத்திலும் இந்நூல் தனித்து நிற்கிறது. சிலம்பில் கண்ணகி தீக்கு ஆணையிடும்போது அந்தணர், அறவோர், பசுக்கள், பத்தினிப் பெண்டிர், முதியோர், குழவிகள் ஆகியோரை விலக்கித் தீயோரையே பற்றுமாறு கூறுகிறாள். குற்றமற்றோர் மாளாத பேரழிவை அவள் விரும்புகிறாள். மணிமேகலையில் வஞ்சி நகரத்துப் படிமமாய் நிற்கும் கண்ணகி மகளிடம் பேசுவது வேறு. மதுரையை எரித்த சினத்தின் தீவினை தன்னை விடாது தொடரும் என்றும், விண்ணுலக இன்பம் முடிந்தபின் அதன் பயனைத் தான் நுகர்ந்தே தீர வேண்டும் என்றும் அவளே ஒப்புக்கொள்கிறாள். உலகம் தெய்வமாகத் தொழும் வீரியின் பழியை, துணைப்பாத்திரத்தின் கதை அவள் வாயாலேயே வெளிப்படுத்துகிறது. பிளாக் ஆடமின் வெறியை அமெரிக்கத் தொடர் பெரும்போராக வளர்க்கிறது. சாத்தனார் அதனைத் தாயும் மகளும் உரையாடும் உரையாடலாக்கினார். இவ்விரண்டில் பின்னதே முதிர்ந்த இலக்கியம் என்பது நம் கருத்து.

ஆதிரை இட்ட பிச்சை

மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் மணிமேகலை அமுதசுரபியைப் பெறுகிறாள். அள்ள அள்ளக் குறையாத கலம் என்பதால் இதனையும் அதிமானிட ஆற்றல் என ஒருவர் கூறலாம். ஆனால் அக்கலம் வெறுங்கையில் சுரப்பதில்லை. ஒரு நல்லாள் முதற்பிச்சை இட்ட பின்னரே அதில் சோறு பெருகுகிறது. புகாரில் அதனை இட்டவள் ஆதிரை. கணவன் கடலில் மாண்டான் என்று கேட்டுத் தீப்புகுந்தும் வேகாது மீண்டு, அவன் திரும்பி வரக் கண்டவள் அவள். காப்பியத்தில் ஒரு காதைக்கு மட்டுமே உரிய அப்பெண்ணின் ஒரு பிடி சோறு இல்லையேல் தெய்வத்தின் கொடையும் வெறுங்கலமே. ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் வைத்திருந்த சிறுவனை யோவான் நற்செய்தியாளர் பெயர் கூறாமல் விட்டதை இங்கு நினைவுகூரலாம் (யோவான் 6:9).

கலத்தின் முந்திய உரிமையாளனாகிய ஆபுத்திரனின் கதை இதனினும் கூர்மையானது. அவன் அறத்தைக் கண்டு இந்திரன் நாட்டில் மழையைப் பெருக்க, பசித்தோர் இல்லாது போகின்றனர். கலத்திற்கு வேலை இல்லை. பசித்தோரைத் தேடிக் கடல் கடக்க முயன்ற அவன் மணிபல்லவத்தில் தனியே விடப்படுகிறான். பலருக்கு ஊட்டும் கலத்தைத் தன் ஒருவன் உயிர் காக்கப் பயன்படுத்த விரும்பாமல், அதனைப் பொய்கையில் விட்டு உண்ணாது மாள்கிறான். இதன் மேன்மையை எவரும் மறுக்க இயலாது. எனினும் பசித்தோர் இல்லாத நாட்டில் அறவோன் நிலைகொள்ளாது தவிப்பதை நாம் கண்டும் காணாதிருத்தல் கூடாது. மழை பெய்து வயிறு நிறைந்தது மக்களுக்கு நன்மை. கொடையாளனுக்கு அது இழப்பாயிற்று. உதவி பெறுவோரின் தேவை தீர்ந்த பின்னும் உதவி செய்வோரின் தேவை தீராதிருப்பது அறநிறுவனங்கள் அனைத்திற்கும், திருச்சபையின் தொண்டு அமைப்புகளுக்கும் உள்ள சோதனையாகும்.

மணிமேகலை இச்சோதனையில் வீழவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு மன்னனைக் கேட்கிறாள். பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்குச் சென்று, பல மொழி பேசுவோருக்கும் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோருக்கும் உணவளிக்கிறாள். அதன் பின்னரே அறவண அடிகளிடம் அளவை நூலும் அறமும் கேட்கிறாள். இறுதிக் காதைகளின் தருக்கம் நீண்டது, வறண்டது என்று குறை கூறுவோர் உளர். கலம் முன்னும் கோட்பாடு பின்னுமாக அமைந்த அவ்வரிசையை இறையியற் கல்லூரிகள் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

காப்பியத்தின் குறை

இனி நூலின் குறையையும் கூறுதல் வேண்டும். புகாரைக் கடல் கொண்டதற்கு அது கூறும் காரணம் ஒரு சாபம். நாகநாட்டுப் பீலிவளை ஈன்ற மகன் கலம் கவிழ்ந்து காணாமற் போகிறான். சோழ மன்னன் அவனைத் தேடும் துயரில் இந்திர விழாவை மறக்கிறான். நகர் கடலில் அமிழ்கிறது. மகனை இழந்த தந்தை விழாவை மறந்தமைக்கு ஓர் ஊரே மாள வேண்டுமா என்ற கேள்வியைக் காப்பியம் எழுப்பவில்லை. மாண்டவரைப் பற்றியும் பேசவில்லை. மாதவியும் சுதமதியும் அறவண அடிகளும் தப்பி வஞ்சிக்குச் சென்றனர் என அறிகிறோம். கரையோரத்துப் பரதவரும் உப்பு விற்ற உமணரும் என்னவாயினர் என்பதற்கு விடை இல்லை. துணைப்பாத்திரங்களைத் தலைமைக்கு உயர்த்திய நூலிலும் பெயரற்றோர் பெயரற்றவராகவே மூழ்கினர்.

இது பழங்கதையோடு முடிந்த செய்தி அன்று. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டது. அவர்களுள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தார். திருக்கடையூரும் புகாரும் தரங்கம்பாடியும் அப்போது அம்மாவட்டத்தில் இருந்தன (மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020இல்). மாண்டவருள் பெரும்பாலோர் மீனவக் குடும்பத்தினர்; பெண்களும் குழந்தைகளும் மிகுதி. உப்பேறிய வயல்களில் கூலி இழந்த விவசாயத் தொழிலாளரின் துயரம் பலர் கண்ணில் படவேயில்லை. அந்நாள்களில், இன்ன பாவத்தால் இவ்வழிவு வந்தது என்ற விளக்கம் பல சமயங்களின் மேடைகளிலும் ஒலித்தது. கிறிஸ்தவப் பிரசங்க பீடங்களும் அதற்கு விலக்கல்ல. இந்திர விழாவை மறந்த கதையே புதுப் பெயர்களோடு மீண்டும் சொல்லப்பட்டது.

சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெண்மர் பிறரைவிடப் பெரும் பாவிகள் என்ற எண்ணத்தை ஆண்டவர் வெளிப்படையாக மறுத்தார் (லூக்கா 13:4-5). அவர் உடனே மனந்திரும்புதலுக்கு அழைத்தார் என்பதும் உண்மையே. அவ்வழைப்பு கேட்டுக்கொண்டிருந்த உயிருள்ளோருக்கு விடுக்கப்பட்டது. அதனை இறந்தோர்மீது தீர்ப்பாக மாற்றும் உரிமை எந்தப் பிரசங்கியாருக்கும் இல்லை.

அப்போஸ்தலர் நடபடிகளை வாசித்தல்

நம் திருமறையிலும் துணைப்பாத்திரங்களின் நூல் ஒன்று உண்டு. நற்செய்தி நூல்களில் அஞ்சி ஓடியவரும் பின்வரிசையில் நின்றவரும் அப்போஸ்தலர் நடபடிகளில் முன்னே வருகின்றனர். ஆண்டவர் பரமேறியபின் வானத்தை அண்ணாந்து பார்த்து நின்றவர்களுக்குத் தூதர் கூறிய கடிந்துரையோடு அவர்கள் கதை தொடங்குகிறது. அவர்கள் மத்தியாசைத் தெரிந்துகொண்டது சாட்சி பகரும் பணிக்கே. கிறிஸ்துவின் இடத்தில் வேறொரு நாயகரை அவர்கள் தேடவில்லை. அவ்விடம் காலியாகவில்லை என்பதே அவர்கள் விசுவாசம். உயிர்த்தெழுந்தவர் ஆவியானவராலே தம்மோடிருக்கிறார் என்று அறிந்தவர்களுக்கு மாற்று முகமூடி தேவைப்படவில்லை. சித்திரக்கதைக்கும் திருச்சபைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. தம் உருவத்தைச் சுவரொட்டிகளில் பெரிதாக அச்சிட்டு அற்புதங்களை விளம்பரம் செய்வோரின் பின்னே நம் மக்கள் செல்வதைப் பார்க்கையில், பூஸ்டர் கோல்டின் சின்னங்கள் தைத்த உடை நினைவுக்கு வருகிறது. நாயகர் அகன்றுவிட்டார் என்று எண்ணும் சபையே அத்தகையோரை நாடும்.

அச்சபையின் முதல் உட்பூசல் எழுந்தது விதவைகளின் பந்தியைப் பற்றியே (அப். 6:1). அகபு பஞ்சத்தை முன்னறிவித்தபோது, எவர் பாவத்தால் அது வருகிறது என்று அந்தியோகியாவின் சீஷர் வினவியதாக லூக்கா எழுதவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கதாக உதவி அனுப்பத் தீர்மானித்தனர் என்றே எழுதுகிறார் (அப். 11:28-30). காஞ்சியின் பஞ்சத்தில் கலமேந்தி நின்ற பெண் அச்சீஷருக்கு அயலாள் அல்லள். 'பாத்திரம்' என்ற நம் சொல் கதைமாந்தரையும் கலத்தையும் ஒருங்கே குறிக்கிறது. நம் வேதாகமம் பவுலைக் குறிக்கவும் அச்சொல்லையே ஆள்கிறது. சுமந்து செல்வதும் பகிர்ந்தளிப்பதுமே பாத்திரத்தின் பணி.

மணிமேகலை நமக்குப் பௌத்த நூல். கன்மக் கொள்கையில் அதனோடு நாம் உடன்பட இயலாது. ஆயினும் பேரழிவுக்குப் பின் என்ன கதை சொல்ல வேண்டும் என்பதில் அது நம் பிரசங்கங்கள் பலவற்றை விஞ்சி நிற்கிறது. காவிரிக் கழிமுகம் மீண்டும் புயலைக் காணும். 2018இல் கஜா புயல் வந்தது, இனியும் வரும். அப்போது அங்குள்ள ஆயர் ஆழிப்பேரலைக் காலத்து விளக்கங்களை மீண்டும் எடுத்துரைக்காதிருப்பாராக. மாண்டவரின் பெயர்களை, மீனவர் என்றும் கூலியாள் என்றும் பாகுபடுத்தாது, ஆராதனையில் வாசிக்கட்டும். சபையின் அடுப்பு சமயம் கேளாமல் எரியட்டும். ஊரார் மீண்டும் தம் கையால் உழைத்து உண்ணும் நாள் வரும்போது, அதனைத் தம் பணியின் நிறைவாகக் கண்டு மகிழட்டும். பிரசங்கத்திற்கு அதன்பின் காலம் உண்டு.