ஒரு டேபும் ஒரு புள்ளியும்

எட்டு ஸ்பேஸுக்காக ஒரு முழு ராத்திரியைத் தொலைத்தவன் நான். மேக்ஃபைல் என்கிற கோப்பில் கட்டளை வரிகள் டேபில்தான் தொடங்க வேண்டும். நான் தட்டியது ஸ்பேஸ். திரையில் இரண்டுமே வெறும் வெள்ளை. 1976-ல் பெல் லேப்ஸில் 'மேக்' என்ற கருவியை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இந்த அபத்தத்தைச் சீக்கிரமே உணர்ந்துவிட்டார். ஆனால், அதற்குள் ஒரு டஜன் பேர் உபயோகிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டார். அந்த டஜன் பேருக்காக உலகமே இன்றுவரை வட்டி கட்டுகிறது.

எழுதிய புரோகிராமை ஓடுகிற சாஃப்ட்வேராக்கித் தரும் இவற்றுக்கு 'பில்ட் டூல்' என்று பெயர். கல்யாண சமையலில் எதை முதலில் அரைப்பது, எது வெந்தபின் எதைக் கொட்டுவது என்ற ஒழுங்கு மாதிரி. ஒரே மண்டபம் என்றால் கவலையில்லை. லினக்ஸ், விண்டோஸ், ஆப்பிள் என்று மூன்று மண்டபங்களிலும் அதே சாம்பார் வர வேண்டும் என்றால்தான் வம்பு.

ஓப்பன் சோர்ஸ்காரர்கள் இதற்குப் பல வருஷம் நம்பியது 'ஆட்டோடூல்ஸ்'. அதன் 'கான்ஃபிகர்', புதுச் சமையல்காரர் போல உள்ளே நுழைந்ததும் 'கேஸ் இருக்கா, கிரைண்டர் இருக்கா, தண்ணி வருதா' என்று சரமாரியாகக் கேள்வி கேட்கும். யூனிக்ஸில் பல ஜாதிகள் இருந்த 1991-ல் அருமையான யோசனைதான். ஆனால், கேள்விகளை எம்4 என்ற மேக்ரோ மொழியில் எழுத வேண்டும். அதிலிருந்து ஆயிரக்கணக்கான வரிகளில் ஷெல் கட்டளைகள் பிறக்கும். யாரும் படிக்க மாட்டார்கள். பக்கத்து புராஜெக்ட்டிலிருந்து காப்பி அடிப்பார்கள்.

கே.டி.இ. என்ற புகழ்பெற்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பின் கதை இங்கே பாடம். நான்காம் பதிப்பு விண்டோஸிலும் ஆப்பிளிலும் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். 2005-ல் ஸ்பெயினில் மலாகாவில் கூடி, 'எஸ்கான்ஸ்' என்று தீர்மானித்தார்கள். பைத்தான் மொழி, படிக்க சுகம். சில மாதம் மல்லுக்கட்டிவிட்டு 2006-ல் 'சிமேக்'குக்குத் தாவினார்கள்.

சிமேக்கின் மொழி அவலட்சணம். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அதற்கு எல்லாமே சரம்தான். பட்டியல்கூட அரைப்புள்ளி போட்ட சரம். அந்நாளில் 'இஃப்'பில் கேட்ட நிபந்தனையை 'எண்ட்இஃப்'பிலும் மறுபடி ஒப்பிக்க வேண்டும். பின்னே ஏன் ஜெயித்தது? ஒன்று, அது தானே சமைப்பதில்லை. லினக்ஸில் மேக்ஃபைல், விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ புராஜெக்ட் என்று அந்தந்த ஊர்ச் சமையல்காரருக்கு அவர் பாஷையிலேயே லிஸ்ட் எழுதிக் கொடுக்கிறது. இரண்டு, மருத்துவப் படங்களை அலசும் ஒரு திட்டத்துக்காக அதை உருவாக்கிய கிட்வேர் கம்பெனிக்காரர்கள், கே.டி.இ. கேட்ட வசதிகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அழகைவிட, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருகிறதா என்று பார்த்தது நல்ல முடிவு. எல்.எல்.வி.எம். கம்பைலர் திட்டமும் 2016-ல் ஆட்டோடூல்ஸைக் கைவிட்டு சிமேக் மட்டும் போதும் என்றது.

ஆனாலும், 'அசிங்கமாக இருந்தால் என்ன, வேலை நடந்தால் சரி' என்பவர்களுக்கு 2024 மார்ச் ஓர் அதிர்ச்சி வைத்தியம். எக்ஸ்இஸட் என்ற சின்ன சுருக்கும் நூலகம். ஏராளமான லினக்ஸ் கணினிகளில் இருப்பது. நம்பிக்கை சம்பாதித்து உள்ளே வந்த ஒரு பராமரிப்பாளர் அதில் கள்ளக் கதவு வைத்திருந்தார். சாவி எங்கே? வெளியீட்டுப் பொட்டலத்தில் இருந்த ஓர் எம்4 கோப்பில். பொது மூலநிரலில் அந்த வரி இல்லை. லாகின் அரை செகண்ட் தாமதமாகிறதே என்று குடைந்து பார்த்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்டால் உலகம் தப்பித்தது.

ஆட்டோடூல்ஸ்தானே, நமக்கென்ன என்று சிமேக் ரசிகர்கள் சிரிக்க வேண்டாம். அதே ஆசாமி சிமேக் கோப்பிலும் கைவைத்திருந்தார். ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று சோதிக்கும் குட்டி புரோகிராமில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி. அது கம்பைல் ஆகாது. 'வசதி இல்லை போலிருக்கிறது' என்று பில்ட் சமர்த்தாக அதை அணைத்துவிடும்.

அதனால்தான் 'மேசான்' என்ற இளைய கருவியை மெச்சுகிறேன். அதில் சொந்தமாக ஃபங்ஷன் எழுதவே அனுமதி கிடையாது. வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடு. கெட்டிக்காரத்தனம் காட்ட இடமில்லாத கோப்பில் திருடன் ஒளிவதும் கொஞ்சம் கஷ்டம்.

புதிதாக புராஜெக்ட் தொடங்கும் இளைஞர்கள் வேகத்தைக் கடைசியில் பார்க்கட்டும். முதலில் மூன்று கேள்விகள். பில்ட் கோப்பை எழுதினவர் போய்விட்டால் இன்னொருவரால் படிக்க முடியுமா? கருவியைச் செய்தவர்கள் பதில் சொல்வார்களா? உங்களிடம் இல்லாத கணினியிலும் அது தினமும் சோதிக்கப்படுகிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால், பெயர் எதுவாயினும் சம்மதம்.

என் எடிட்டரில் டேபும் ஸ்பேஸும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். சூடு கண்ட பூனை.