இழவும் உவகையும்: பூம்பாவைப் பதிகத்தில் மயிலாப்பூரின் ஆண்டு விழாக்கள்

முன்னுரை

இன்றைய சென்னை மாநகரின் எல்லைக்குள் அடங்கும் மயிலாப்பூர், திருவொற்றியூர், திருவான்மியூர், திருவல்லிக்கேணி ஆகிய ஊர்கள் பக்தி இலக்கியக் காலத்திலேயே பாடல் பெற்றவை. இவற்றுள் ஓர் ஊரின் விழாக்களை மாத வரிசையில் அடுக்கிக் கூறும் பாடல் என்ற வகையில், திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம் (இரண்டாம் திருமுறை, 47) தனித்து நிற்கிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்பதிகம் இரண்டு வகையாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. சமய மரபினர் இதனை இறந்த பெண்ணை உயிர்ப்பித்த அற்புதத்தின் பாடலாகப் போற்றுகின்றனர். வரலாற்றாய்வாளர் இதனைப் பழங்காலத் திருவிழாக்களுக்குரிய சான்றாகக் கொள்கின்றனர். முதல் வாசிப்பில் விழாக்கள் அற்புதத்துக்குப் பின்னணியாகச் சுருங்குகின்றன. இரண்டாம் வாசிப்பில் பாடல் ஒரு நாட்காட்டியாகிவிடுகிறது. விழாவைக் கண்டு மகிழ்தல் என்பதே உயிரோடிருப்பதற்குப் போதிய காரணம் என்னும் பதிகத்தின் அடிப்படை வாதம் இரண்டிலும் விடுபட்டுப் போகிறது. அவ்வாதத்தைப் பாடலின் அமைப்பிலிருந்து வெளிக்கொணர்வது இக்கட்டுரையின் நோக்கம்.

விழாக்களின் அடுக்கு

முதற்பாடல் அடியார் திரளுக்கு அமுது படைத்தலைக் கூறுகிறது. இரண்டாம் பாடல் முதல் ஏழாம் பாடல் வரை ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்தரம் என ஆறு மாதங்கள் இடையறாது தொடர்கின்றன. அதன்பின் அட்டமி, பொற்றாப்பு, பெருஞ்சாந்தி ஆகியவை மாதப்பெயர் சுட்டப்படாமல் வருகின்றன. உரையாசிரியர்கள் இவற்றையும் மாதங்களோடு பொருத்த முயன்றுள்ளனர். பாடலோ அந்தக் கவலை இல்லாமல் நகர்கிறது. அடுக்கு ஐப்பசியில் தொடங்குவதும் கருதத்தக்கது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் கடற்கரை ஊர் இது. மழைக்காலத்தில் தொடங்கி வெயில் ஏறும் பங்குனி வரை விழா ஓயாத ஊராக மயிலை காட்டப்படுகிறது.

ஒவ்வொரு விழாவும் யாருடையதாகக் காட்டப்படுகிறது என்பது இதனினும் முக்கியமானது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு ஆகிய நான்கு பாடல்களில் மயிலையின் அடையாளமாக முன்னிற்போர் அவ்வூர் மகளிரே. விளக்கீட்டை அவர்களே கொண்டாடுகின்றனர். தைப்பூசத்தில் நெய் கலந்த சோற்றோடு அவர்களே வருகின்றனர். ஆதிரைப் பாடலில் வேல்வல்ல வீரரின் சேரி இடம்பெறுகிறது. பொற்றாப்புப் பாடலில் கற்றவர் போற்றுகின்றனர். உணவைப் பற்றிய குறிப்பு முதற்பாடலிலும், அருந்தவர் துய்ப்பனவற்றைக் கூறும் இரண்டாம் பாடலிலும், தைப்பூசப் பாடலிலுமாக மூன்று இடங்களில் உள்ளது. மாசிக் கடலாட்டில் நடனமும், பங்குனி உத்தரத்தில் ஒலியும் காட்சிக்கு வருகின்றன. இன்று கோயில் விழா என்றவுடன் நினைவுக்கு வரும் இறைவனின் வீதியுலா இப்பதிகத்தில் வெளிப்படையாக வருணிக்கப்படவில்லை. இறைவன் கபாலீச்சரத்தில் அமர்ந்திருப்பவனாகவே பாடல்தோறும் குறிக்கப்படுகிறான். தெருவில் அசைவது, உண்பது, ஆடுவது, ஒலிப்பது எல்லாம் ஊர்தான்.

இழவிலிருந்து உவகைக்கு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்குரிய நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாக இழவைக் கூறுகிறது. உவகைக்குரியனவாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கையும் கூறுகிறது. பூம்பாவைப் பதிகத்தின் பேச்சுச் சூழல் இழவினுடையது, விளிக்கப்படுபவள் போய்விட்டவள். இவ்வகைச் சூழலில் தமிழ் மரபு எதிர்பார்ப்பது கையறுநிலை. இறந்தவரின் பண்பையும் கொடையையும் சொல்லி, இனி என்ன என்று ஏங்குவது அதன் இயல்பு. இப்பதிகம் அப்படிச் செய்யவில்லை. பூம்பாவையின் அழகையோ குணத்தையோ அது பேசவில்லை. அவளை இழந்த பெற்றோரின் துயரும் அதில் இல்லை. பாம்பு, எலும்பு, குடம் ஆகியவற்றுக்கும் பாடலுக்குள் இடமில்லை. அவளுக்கு எது இல்லாமற் போகும் என்பது மட்டுமே சொல்லப்படுகிறது. இந்த விழாவைப் பார்க்காமலா புறப்பட்டுவிட்டாய் என்று ஒவ்வொரு பாடலின் இறுதியிலும் அவளையே கேட்கிறது பாடல். இழந்தவர் இருப்போர் அல்லர், இறந்தவளே என இழப்பின் திசை மாற்றப்படுகிறது. கையறுநிலையின் அமைப்பு இங்கே தலைகீழாகிறது.

இத்திருப்பத்தைத் தாங்கி நிற்பது 'காண்' என்னும் வினை. அட்டமிப் பாடலில் கண்ணாரக் காண்பது என்றே அது விரிகிறது. உவகையின் நிலைக்களன்களுள் புலன் என்பதற்கு இதனினும் நேரான எடுத்துக்காட்டு அரிது. விளக்கு கண்ணுக்கும் ஒலி செவிக்கும் நெய்ச்சோறு நாவுக்கும் கடல் மெய்க்கும் உரியவை. பாடல் அவை அனைத்தையும் காணுதல் என்ற ஒன்றில் சேர்த்துவிடுகிறது.

ஒன்பதாம் பாடல் இவ்வகையில் மிகக் கூர்மையானது. அடிமுடி அறியமுடியாத நான்முகனையும் நாரணனையும் ஒன்பதாம் பாடலில் குறிப்பது சம்பந்தர் பதிகங்களின் பொது மரபு. மரபாக வருவதால் ஆய்வாளர் பலர் அதனைக் கடந்துவிடுவர். இப்பதிகத்தில் அம்மரபு புதுப்பொருள் பெறுகிறது. தேவர்க்கும் முற்ற உணரவியலாத ஒருவனுக்குரிய பொற்றாப்பு, பொன்னூசல் எனப் பெரும்பாலோர் பொருள்கொள்ளும் விழா, மயிலைத் தெருவில் ஒரு சிறுமி நின்று பார்க்கக்கூடியதாக உள்ளது. உணர்தற்கரியவனுக்கும் காண்டற்கெளிய விழாவுக்கும் இடைப்பட்ட அத்தொலைவை வேறெந்த விளக்கமுமின்றி ஒரே பாடலுக்குள் வைத்துவிடுகிறார் சம்பந்தர்.

சேக்கிழாரின் வாசிப்பு

பதிகத்துக்குக் கதை தருவது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம். மயிலை வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை ஏழு வயதில் மலர் கொய்யச் சென்றபோது பாம்பு தீண்டி இறக்கிறாள். அவளது எலும்பும் சாம்பலும் குடத்தில் காக்கப்படுகின்றன. சம்பந்தர் பாட, பன்னிரண்டு வயதுடையவளாக அவள் எழுகிறாள். இந்த வயதுக் கணக்கு சேக்கிழாரின் நுண்ணிய வாசிப்பைக் காட்டுகிறது. ஆண்டு விழாக்களின் அடுக்காக அமைந்த பாடல், காணாமற்போன ஆண்டுகளையும் அவளுக்குத் திருப்பித் தருவதாக அவர் கதையை அமைக்கிறார்.

எனினும் குடம் உடையும் தருணத்தை அவர் அமைத்த இடம் விவாதத்துக்குரியது. சமணரும் சாக்கியரும் குறிப்பிடப்படும் பத்தாம் பாடலைச் சம்பந்தர் பாடும்போதே பெண் எழுவதாகச் சேக்கிழார் பாடுகிறார். அதனால் உயிர்ப்பின் காரணம் விழாவிலிருந்து வாதத்துக்கு இடம்பெயர்கிறது. ஒன்பது பாடல்கள் விளக்கையும் சோற்றையும் கடலையும் காட்டி அழைக்க, பெண் எழுவது பிறசமயத்தார் மறுப்பைக் குறிக்கும் பாடலில் என்றாகிறது. சைவம் சோழப் பேரரசின் ஆதரவோடு நிலைபெற்றிருந்த காலத்தில் எழுந்த காப்பியம் அற்புதத்தைச் சமய வெற்றியாகக் காண்பது இயல்பே. ஆனால் பதிகத்தைக் காப்பியத்தின் வழியாக மட்டுமே படிக்கும் வழக்கம், பாடலின் சொந்த வாதத்தை மறைத்துவிட்டது.

இதனால் பதிகம் முழுதும் அகன்ற மனத்தினது என்று கொண்டாடிவிடவும் இயலாது. பத்தாம் பாடல் பதிகத்துக்குள்ளேயே இருக்கிறது, சேக்கிழார் சேர்த்ததன்று. மகளிரையும் வீரரையும் கற்றோரையும் தவத்தோரையும் ஒரே தெருவில் நிறுத்தும் பாடல், அத்தெருவில் யார் நிற்கக்கூடாது என்பதையும் சொல்கிறது. துறவைக் கடுமையாகப் பேணும் சமயங்களை, உண்டும் ஆடியும் மகிழும் விழாவுக்கு எதிர்நிலையில் நிறுத்துவதன் தருக்கம் விளங்குகிறது. விளங்குவதால் அவ்விலக்கு ஏற்புடையதாகிவிடாது.

புகாரும் மயிலையும்

மற்றொரு கடற்கரை நகரின் விழாவோடு இதனை ஒப்பிட்டால் பதிகத்தின் தனித்தன்மை மேலும் துலங்கும். புகாரின் இந்திரவிழா 28 நாள் நிகழ்ந்ததாக மணிமேகலை கூறுகிறது. அங்கே விழா அரசின் கடமை. விழா மறக்கப்பட்டதால் நகரைக் கடல் கொண்டதாகவும் அக்காப்பியம் கூறும். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா நாளில் கண்ணகியின் கண்ணும் மாதவியின் கண்ணும் வெவ்வேறு காரணத்தால் நீர் உகுக்கின்றன. விழா நிறைவில் நிகழும் கடலாட்டு கோவலன், மாதவி பிரிவில் முடிகிறது. நகரே மகிழ்ந்திருக்க ஒரு பெண் அம்மகிழ்ச்சிக்கு வெளியே நிற்பதை இளங்கோ காட்டுகிறார். பூம்பாவையும் விழாவுக்கு வெளியே நிற்பவள்தான். அவளை உள்ளே அழைக்க ஒரு குரல் இருக்கிறது. கண்ணகிக்கு அக்குரல் இல்லை. புகாரில் விழா நிகழாவிடின் நகருக்குக் கேடு. மயிலையிலோ விழா தவறாமல் நிகழும், காணாதவளுக்கே இழப்பு. அரசன் பெயரே இல்லாத ஒரு நகர்விழாப் பாடல் என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது.

இன்றைய பங்குனியில் பதிகம்

சம்பந்தர் பாடிய கோயில் கடலை ஒட்டி இருந்தது என்பதும், போர்ச்சுகீசியர் காலத்தில் அது அழிந்தபின் இன்றைய இடத்தில் புதிதாகக் கட்டப்பட்டது என்பதும் ஆய்வாளர் பலரும் ஏற்கும் கருத்து. இடம் மாறினும் விழாக்களுள் சில தொடர்கின்றன. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் பூம்பாவையை உயிர்ப்பித்த நிகழ்வு நடத்திக் காட்டப்படுகிறது. அன்று பிற்பகல் அறுபத்துமூவர் உலா மாடவீதிகளை நிறைக்கிறது. கோலவிழியம்மன், முண்டகக்கண்ணியம்மன் முதலிய ஊர்த் தெய்வங்களும் அவ்வுலாவில் இடம்பெறுகின்றன. விழாவைக் காண வா என்று அழைத்த பாடல், காணப்படும் விழாவின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. பதிகத்தில் அமர்ந்திருந்த இறைவன் இன்று தெருவுக்கு வருகிறான். அன்று ஆடியும் உண்டும் விழாவாக இருந்த ஊரார் பெரும்பாலும் ஓரத்தில் நின்று பார்ப்போராகியுள்ளனர். காணுதல் என்ற சொல்லே இருபொருள்பட்டுவிட்டது எனலாம்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது அவ்வாண்டுப் பங்குனி விழா தெருவில் நிகழவில்லை. பதிகத்தின் வினா அவ்வாண்டு இறந்தவளை விட்டு உயிரோடிருந்தோரை நோக்கித் திரும்பியது. பதிகத்தின் தருக்கம் எதிர்பாராத நிலை இது: காண்பார் இருந்தும் காட்சி இல்லை.

அறுபத்துமூவர் நாளில் மாடவீதிகளின் ஓரம் முழுதும் தண்ணீர்ப் பந்தல்களும் மோரும் பானகமும் சோற்றுப் பொட்டலங்களும் நிறைந்திருக்கும். கொடுப்போர் பலர் எந்த அமைப்பையும் சாராத குடும்பத்தினர். வாங்குவோரிடம் எவரும் ஊரும் பேரும் கேட்பதில்லை. பதிகத்தின் விழாக்களைப் பட்டியலிடும் ஆய்வுகள் முதற்பாடலை வழக்கமாக விட்டுவிட்டு ஐப்பசி ஓணத்திலிருந்தே எண்ணத் தொடங்குகின்றன. அமுது படைத்தலுக்கு நாளும் மீனும் இல்லை என்பதே காரணம். சம்பந்தர் அதனைத்தான் முதலில் வைத்தார்.