கரணமும் ‘இருவர்’ என்னும் சொல்லும்

முதுகலை வகுப்பில் கற்பியல் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், கம்பம் பள்ளத்தாக்கின் ஊரொன்றிலிருந்து வந்து பயிலும் மாணவி ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். இருவரும் பெண்டிராகவோ இருவரும் ஆடவராகவோ இருந்து, ஒரு மனையில் வாழத் துணிந்தால் அவர்கட்குக் கரணம் உண்டா என்பது அவ்வினா. இலக்கணத்தில் அதற்கு இடமில்லை என்று கூறிவிட்டு அடுத்த நூற்பாவிற்குச் சென்றோம். அவ்விடை பிழையன்று; ஆயினும் நிறைவுடையதன்று. மாணவி கேட்டது கரணம் யாருக்கு என்பது போல் தோன்றினும், உண்மையில் கரணம் எதற்கு என்பதேயாம். அன்று தரத் தவறிய விடையை ஈண்டுத் தர முயல்கின்றோம்.

இவ்வினா இன்று வகுப்பறை அளவில் நிற்பதன்று. ஒருபால் இணையரின் மணத்தைச் சட்டம் ஏற்றல் வேண்டும் என்ற வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2023 அக்டோபர் 17-இல் தீர்ப்பளித்தது. மணம் புரிதல் அடிப்படை உரிமையன்று என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர். மணமல்லாத வேறொரு சட்ட இணைவாயினும் தரலாமா என்பதில் மூவர் மறுத்தனர், இருவர் உடன்பட்டனர். மறுஆய்வு விண்ணப்பங்களும் 2025 சனவரியில் தள்ளப்பட்டன. சொற்பொருள் ஆராயும் கடப்பாடுடைய நாம் இத்தீர்ப்புகளை உரைநூல்களாகக் கொண்டு நோக்குதல் தகும்.

கரணம் தோன்றிய காரணம்

முதற்கண் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். தொல்காப்பியர் கற்பினை வரையறுக்குங்கால் கிழவன், கிழத்தி என்னும் இருபாலாரையே கூறினார். களவிற்கும் ஒத்த தலைவனும் தலைவியுமே உரியர். எனவே, ஒருபால் மணத்திற்குத் தொல்காப்பியத்தில் சான்று உண்டு என்பார் கூற்று ஏற்புடைத்தன்று. பிசிராந்தையார்க்கும் கோப்பெருஞ்சோழனுக்கும் இடையிருந்த கேண்மையை இதற்குச் சான்றாக்குவாரும் உளர். உணர்ச்சி ஒத்த நட்பிற்குப் பரிமேலழகர் காட்டிய எடுத்துக்காட்டு அது. அதனை மணமாக்குதல் பாட்டிற்கு நீதியாகாது. இன்றைய இணையர்க்கும் பயன் தராது. பழமையில் இடம் கண்டால்தான் இன்று உரிமை உண்டு என்னும் பொருந்தாக் கொள்கைக்கே அது வழிகோலும்.

சான்று தேடுதல் வேண்டா, அளவுகோல் தேடலாம். கற்பியல் தரும் அளவுகோல்கள் மூன்று. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்பது முதலாவது. செய்ததை மறைத்தல் பொய். செய்ததன்கண் நில்லாது தப்பி ஒழுகல் வழு. அன்பு முன்னது, கரணம் பின்னது. அன்பை உண்டாக்குதற்கன்றி, அன்பு கொண்டார் கைவிடப்படாமற் காத்தற்கே கரணம் வந்தது. கொடுப்போர் இல்லாத உடன்போக்கிலும் கரணம் உண்டு என்பது இரண்டாவது. பெற்றோர் இசைவின்மையால் கரணம் இல்லாமற் போகாது. மேலோர் மூவர்க்கு வகுத்த கரணம் கீழோர்க்கும் ஆகிய காலம் உண்டு என்பது மூன்றாவது. அந்நூற்பாவை இடைச்செருகல் என்பாரும் உளர். யாவர் செய்யினும், ஒரு சாரார்க்குரிய கரணம் பிறர்க்கும் விரிந்தது என்னும் நினைவு நம் இலக்கணத்துள் இடம்பெற்றுவிட்டது.

சட்டத்தின் சொற்கள்

இக்காலத்தும் கரணம் விரிந்த வரலாறு தமிழ்நாட்டிற்கு உண்டு. பெரியார் தலைமையில் 1928-இல் தொடங்கிய சுயமரியாதைத் திருமணங்கள், சடங்கின்மை காரணமாகச் சட்டத்தின் முன் மணமாகா என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953-இல் தீர்ப்புரைத்தது. அண்ணா முதலமைச்சராயிருந்த 1967-இல் இந்து திருமணச் சட்டத்திற்குத் திருத்தம் நிறைவேறியது. 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. 7அ என்னும் அப்பிரிவு முன்னர் நடந்த மணங்களையும் செல்லத்தக்கன ஆக்கிற்று. ஏறத்தாழ 40 ஆண்டுகள் வாழ்க்கை முன்னே சென்றது. சட்டம் பின்னே வந்தது.

அப்பிரிவின் சொல்லமைப்பு உற்று நோக்கற்பாலது. இந்துக்கள் எவரேனும் இருவரிடையே நிகழும் மணத்திற்குப் பொருந்தும் என்றே அது தொடங்குகின்றது. முறைகள் மூன்றனுள் ஒன்று போதும். ஒருவரையொருவர் மனைவியாகவும் கணவனாகவும் ஏற்பதாகக் கூறுதல் ஒன்று. மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளுதல் மற்றொன்று. தாலி கட்டுதல் மூன்றாவது. இவற்றுள் பால் காட்டும் சொல் முதன்முறையில் மட்டுமே வந்துள்ளது. ஆயினும் அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 என அகவை வகுத்து, இரு பாலையும் உட்கொணர்கின்றது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் இவ்வாறே. எவரேனும் இருவர் என்று தொடங்கி, ஆண், பெண் என அகவை கூறுமிடத்துச் சுருங்குகின்றது.

ஈண்டுத் தமிழ் இலக்கணம் ஒரு விளக்கம் தரும். ஒருவன், ஒருத்தி என்பன பால் காட்டும். ஒருவர் என்னும் பெயர் இருபாற்கும் உரியது என்று தொல்காப்பியமே விதந்து கூறும். இருவர் என்பதும் உயர்திணை காட்டுமேயன்றி ஆண், பெண் என்னும் பகுப்பைக் காட்டாது. இவ்விரு சட்டங்களும் ‘இருவர்’ என்று வாயில் திறந்து, ‘ஒருவன், ஒருத்தி’ என்று உள்ளறையைத் தாழிடுகின்றன. வழக்கின் சிக்கல் முழுவதும் இவ்விரு சொற்களுக்கும் இடையில்தான் உள்ளது.

உரையும் மறுப்பும்

தேனி மாவட்டமும் அடங்கிய ஆட்சி எல்லையையுடைய உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இச்சொற்களுள் ஒன்றற்கு 2019-இல் புத்துரை கண்டது. தூத்துக்குடிக் கோயிலொன்றில் ஆடவர் ஒருவர் திருநங்கை ஒருவரை மணந்தார்; பதிவாளர் பதிவு செய்ய மறுத்தார். மணமகள் என்னும் சொல் மாறாப் பொருளுடையதன்று, திருநங்கையையும் அது தழுவும் என்று நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் உரைத்தார். அத்தீர்ப்பு ஒருபால் மணம் பற்றியதன்று. மணமகன், மணமகள் என்னும் இரட்டையை அது விலக்கவில்லை. மணமகள் என்பதன் எல்லையை மட்டும் அகற்றிற்று. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றெனப் பேசுதல் ஆய்வு நெறியாகாது. திருநர் மாற்றுப்பாலினரை மணத்தல் நடப்பிலுள்ள சட்டப்படி கூடும் என்பதை 2023-இல் ஐவரும் ஏற்றனர். ‘இருவர்’ என்பதற்கு அவ்வாறு விரித்துரை காண இசையவில்லை.

இம்மறுப்பில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. உரையாசிரியன் நூற்பாவை விளக்கலாம், புதிது இயற்றலாகாது. மரபுரிமை, மகவேற்பு, மணமுறிவு எனப் பல சட்டங்கள் கணவன், மனைவி என்னும் சொற்களின்மேல் எழுந்தவை. ஒரு சொல்லை மாற்றின் எல்லாம் அசையும். எனினும் உரையாசிரியனால் இயலாதது நூலாசிரியனாலும் இயலாது என்பதில்லை. 1953-இல் நீதிமன்றம் மறுத்ததை 1967-இல் சட்டமன்றம் தந்தது. தாய்லாந்து நாட்டினர் இவ்வழியே சென்றனர். தம் உரிமையியல் சட்டத்தில் ஆண், பெண் என்றிருந்தவிடத்து இருவர் என்றும், கணவன், மனைவி என்றிருந்தவிடத்துத் துணைவர் என்றும் சொல் மாற்றினர். 2025 சனவரி 23 முதல் அது நடைமுறையில் உள்ளது.

சென்னை உயர்நீதிமன்றமோ மணத்தை விடுத்து, வேறு சொற்களின் வழியே செல்ல முயன்றது. மதுரையினின்று சென்னைக்குச் சென்று புகலடைந்த இரு பெண்டிர் தொடுத்த வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தம் அறியாமை நீங்க உளவியல் அறிஞரிடம் கற்று, 2021 சூன் 7-இல் காவல்துறை முதலியோர்க்கு நெறிமுறை வகுத்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்று 2022-இல் அரசிதழில் வெளிவந்தது. குடும்ப இணைவு ஆவணம் ஒன்றை அமைக்க அரசு எண்ணிப்பார்க்கலாம் என 2023 நவம்பரில் அவரே கூறினார். 2025 மே மாதத்தில், தன் துணையோடு செல்ல விரும்பிய பெண்ணொருவரைப் பெற்றோர் தடுத்துவைத்த வழக்கில், குடும்பம் அமைத்தற்கு மணம் ஒன்றே வழியன்று என்று இருவர் அமர்வு உரைத்தது. கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டு என்ற நூற்பாவின் பாதி இதன்கண் நிறைவேறிற்று. கொடுப்போர் தடுத்தல் ஆகாது என்பது கிடைத்தது; கரணம் கிடைக்கவில்லை.

பள்ளத்தாக்கிலிருந்து நோக்கின்

கரணமின்மையால் என்ன குறை என்பார்க்கு ஒன்று கூறுவோம். இப்பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் உழைக்கும் இரு பெண்டிர், சிறுகச் சேர்த்த பொருளால் ஒருத்தி பெயரில் ஒரு வீடு வாங்கி, 30 ஆண்டுகள் உடன் வாழ்ந்தனர் எனக் கொள்வோம். விருப்பாவணம் எழுதாமல் அவள் இறப்பின், 1956-ஆம் ஆண்டின் இந்து மரபுரிமைச் சட்டம் மக்களையும் கணவனையும் தேடும். பின் கணவனின் வழியினரை, பின் தாய் தந்தையரை, அவர்தம் வழியினரைத் தேடும். உடன் வாழ்ந்தவள் அவ்வரிசையில் யாண்டும் இல்லை. அவ்வாழ்வு நிகழவேயில்லை என்பது போலாகின்றது. தொல்காப்பியர் கூறிய பொய் இதுவேயன்றோ?

இம்மண்ணின் கவிஞர் ஒருவர் இவ்வகை மறுப்பை முன்னரே பாடினார். போடிக்கு அண்மையிலுள்ள மீனாட்சிபுரத்தில் பிறந்த நா. காமராசன், ‘காகிதப் பூக்கள்’ என்னும் பாடலில் திருநங்கையரைத் தன்மையிடத்து நிறுத்திப் பேசவைத்தார். பிறர் நகைக்குப் பொருளாக்கியவரை அவலச் சுவைக்கு உரியராக்கியது அவர்தம் ஆற்றல். ஆயினும், எழுத்துப் புணர்ச்சியில் நேரும் பிழையைப் பிறப்பிற்கு உவமையாக்கியவிடத்து, இரக்கம் மிக்கிருப்பினும் பிழை என்னும் சொல் எஞ்சிநிற்கின்றது. நன்னூல் அத்தகையோர்க்கு உயர்திணையோடு அஃறிணை முடிபும் தந்தது. தொல்காப்பியமோ உயர்திணை முடிபே தந்து, தெய்வப் பெயர்களோடு ஒரே நூற்பாவில் வைத்தது. திணையில் ஏற்பது வேறு, இரங்குவது வேறு. இன்று ஒருபால் இணையர் நாடுவது இரக்கத்தையன்று, முடிபினை.

கூடலூர்க்கு மேலுள்ள மலையில் மங்கலதேவி கண்ணகி கோயில் நிற்கின்றது. சித்திரை முழுமதி நாளில் மக்கள் மலையேறி வழிபடுகின்றனர். கற்பின் வடிவமாகப் போற்றப்படும் அவளை இவ்வாய்விற்கு இழுத்தல் தகுமோ எனின், தகும். கண்ணகியின் மணத்தை யானைமேல் மகளிர் ஏறி மாநகர்க்கு அறிவித்தனர். பின்னர்ப் பாண்டியன் அவையில் கோவலன் மனைவி என்று தன்னைக் கூறிக்கொண்டே அவள் வழக்குரைத்தாள். சிலம்பு அவள் சான்று. மனைவி என்னும் பெயரோ அவள் நிற்கும் தகுதி. அப்பெயர் இல்லாதவள் எந்த அவையில், யாருக்காக நிற்பாள்?

மாணவிக்கு இன்று கூறும் விடை இது. கிழவனும் கிழத்தியுமல்லாத இருவர்க்குத் தொல்காப்பியம் கரணம் வகுக்கவில்லை. ஆயின் கரணம் எதன்பொருட்டு வந்ததோ, அக்காரணம் அவர்மாட்டும் உண்டு. காரணம் உள்ளவிடத்துக் கரணம் விரிதல் தமிழ் மரபிற்கு முரணன்று. சட்டம் இயற்றுவோர் எடுத்த எடுப்பில் எழுதிய ‘இருவர்’ என்னும் சொல்லை இறுதிவரை காப்பாற்றினால் போதும்.